வாசலில் ஒரு ஜோடி செருப்பு

அஞ்சலாட்சி தன் வாசலில் விட்டு வைத்திருந்த ஆண் செருப்புக்குள் இரண்டு பாதங்கள் முளைத்தது சித்திரை மாதத்தில், ஊத்துக்காட்டுத் தெருவில் சொட்டுத் தண்ணீர் வராமல் ஜனங்கள் குடத்தோடு அலைந்த வாரத்தில். அதனால் பாதங்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அக்கா மட்டும் காலிக் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு, குனிந்து பார்த்து, நகம் வெட்டிக்கொள்ளவே இல்லை பார், ஆம்பளைகளே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, லாரி வரும் பக்கமாகப் போனாள்.

அந்தச் செருப்பை வைக்கச் சொன்னதே சம்பூர்ணம் அக்காதான். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் மிஷின் தைக்கிற வேலைக்கு எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள், அப்படித்தான் அஞ்சலாட்சியும் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்து, கட்டைச் சுவர் வைத்த ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்தாள். வந்த முதல் வாரமே வீட்டுக்காரர் கிருபாகரன் பல்பு எரிகிறதா என்று பார்க்க வந்தார், பிறகு ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வந்தார், பிறகு எதையும் பார்க்கவேண்டும் என்றுகூடச் சொல்லாமல் வந்தார். தனியாக இருக்கிற பொம்பளை வாசலில் ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி கிடக்கவேண்டும், இது நாலு தெருவிலும் நடக்கிறதுதான், அதுவும் புதுச் செருப்பு வைத்தால் ஒருத்தனும் நம்பமாட்டான், தேய்ந்ததாகப் பார்த்து வை என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள். தேய்ந்த செருப்புக்கு எங்கே போவது என்று கேட்டதற்கு, கல்யாண மண்டபத்துக்குப் போ, சாப்பிட்டுவிட்டு வருகிறவன் எவனாவது அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருப்பான், கடைசியில் ஒரு ஜோடி அநாதையாகக் கிடக்கும் என்றாள். கிடந்தது. அகலமான கறுப்பு வார் வைத்த தோல் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்தது. யாருடையது என்று அஞ்சலாட்சிக்குத் தெரியாது. யாருடையதாகவும் இருக்கலாம் என்பதால்தான் அதை எடுத்து வந்தாள்.

அவள் விட்டுவிட்டு வந்த புருஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெட்ட பெயர் எடுக்காதவன். குடிக்கமாட்டான், தெருவில் யாரிடமும் குரல் உயர்த்தமாட்டான், கோயில் கமிட்டியில் அவனைக் கேட்காமல் ஒரு பந்தல் கால்கூட ஊன்றமாட்டார்கள். அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றுவான். மாமனார் வீட்டில் போட்ட கடிகாரம், கண்ணாடி விரிசல் விட்டுவிடக் கூடாது என்று, பதறாமல் வாரைத் தளர்த்தி, ஃபிரிட்ஜ் மேல் விரித்திருந்த பூப்போட்ட துணியில் வைப்பான். வைக்கும்போது டக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதற்குப் பிறகு வந்த சத்தங்களை எல்லாம் அவள் மறந்தாலும் மறப்பாள், அந்தச் சத்தத்தை மறக்க மாட்டாள். இரண்டு முறை அண்ணன் வீட்டுக்கு ஓடினாள், இரண்டு முறையும் அண்ணன் அனுசரித்துப் போம்மா என்று பஸ் ஏற்றிவிட்டான். மூன்றாம் முறை அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை.

அவன் பெயரை அவள் வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. கட்டியவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவள் அம்மா காலத்துப் பழக்கம், இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள், ஆனால் அவன் பார்ப்பான். மணிக்கட்டு உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் புருஷன் பெயர் கேட்டாள், இவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், பக்கத்தில் நின்றிருந்த அவனே சிரித்தபடி தன் பெயரைச் சொல்லி, "எங்க ஊட்ல சொல்ல மாட்டாங்க, அப்படி வளர்த்துட்டாங்க" என்றான். நர்ஸும் சிரித்தாள். அந்தப் பெயர் அப்படியே அவள் நாக்குக்கு அடியில், ஒருமுறைகூட வெளியே எடுக்காததால் கொஞ்சமும் தேயாமல், முழுசாகக் கிடந்தது. நானும் அதைச் சொல்லப் போவதில்லை. அந்தக் காரணம் எனக்கு இல்லை, எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி மாசிலாமணி. கம்பெனி வேன் ஓட்டுகிறவன், பெண்டாட்டியைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு ஒண்டியாக இருக்கிறவன், பேசினால் ஸ்டியரிங்கிடம் பேசுவது போலப் பேசுகிறவன். வேனில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அவனை டிரைவரண்ணே என்றார்கள். கடைசி ஸ்டாப் அஞ்சலாட்சியுடையது. மற்றவர்கள் இறங்கிய பிறகு மிச்சமிருக்கிற கொஞ்சம் தூரத்துக்கு வேன் மிக மெதுவாகப் போகும், வழியில் மாடு குறுக்கே வந்தால் இருவருக்குமே அந்த மாட்டின்மேல் ஒரு நன்றி இருக்கும். ஒருநாள் இறங்கும்போது அண்ணே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, "இன்னாங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாங்கன்னா யார வேணா கூப்டலாம்," என்றான். "எனக்குப் பேர் இக்குது. பேரச் சொல்லிக் கூப்டு."

ஒரு ஆண் இப்படிக் கேட்பான் என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை. மிஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், ஷூவின் மேல்தோலை மடித்துத் தைத்தபடியே, மாசிலாமணி, மாசிலாமணி என்று சொல்லிப் பழகினாள். வாய் நிறையப் பெயர். சொல்லச் சொல்ல அது லேசாகி, சோறு போடும்போதும் துணி அலசும்போதும் தானாக வந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். கடிகாரத்தைப் பற்றி அவள் இந்த உலகத்தில் சொன்னது அவன் ஒருவனிடம்தான். அவன் கேட்டுவிட்டு, தன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தை அவிழ்த்து வேன் டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினான், அதற்குப் பிறகு மணி கேட்க வேண்டுமானால் டீக்கடையில்தான் கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு அவள் வீடு வரைக்கும் வந்தான், வாசலில் ஆண் செருப்பைக் கண்டான், சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டான். மறுநாள் வேனில் அவள் விஷயத்தைச் சொன்னாள். அது சும்மா செருப்புதான், அதில் யாரும் இல்லை என்றாள். இருவரும் சிரித்தார்கள், அவ்வளவு சிரிப்பு அந்த வேனில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாதங்கள் முளைத்தது அந்த வாரம்தான்.

முதலில் அவள் செருப்பைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள், பாதங்கள் கனமாகவும் இல்லை, சூடாகவும் இல்லை, அவள் இழுத்த பக்கம் வந்தன. மத்தியானத்துக்குள் தெருக்காரர்கள் எடுத்துத் துடைத்து வாசலிலேயே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். யாரோ பொறுப்பில்லாமல் வீசிவிட்டார்கள் என்று சம்பூர்ணம் அக்கா அவளுக்காக யாரையோ திட்டினாள். இன்னொரு முறை ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தாள், ஆடு மேய்க்கிறவர் தலையில் வைத்துக் கொண்டுவந்து, உங்கூட்டுது தானேம்மா என்று இறக்கிவைத்தார். வேறு தெருவில் வீடு தேடினாள். எந்த வீட்டிலும் முதல் கேள்வி, உன் வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார் என்பதுதான். அவர் வளர்ந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லவா முடியும். திரும்பி வந்தாள். வந்தபோது கணுக்கால் தாண்டியிருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அந்தப் பாதங்கள் செருப்பை விட்டுப் பிரியவில்லை, செருப்பும் பாதமும் ஒன்றாகவே இருந்தன, செருப்புக் காலோடு வீட்டுக்குள் வருகிற வழக்கம் நம்மில் யாருக்கும் கிடையாது. எத்தனை உயரம் வளர்ந்தாலும் அது வாசற்படிக்கு வெளியேதான் நிற்கவேண்டும். தினமும் காலையில் அவள் அதைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, அதற்கு இடம் விட்டுச் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு, நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டு வேனுக்குப் போனாள்.

வைகாசியில் முழங்கால் வந்தது. இடுப்பு வருவதற்குள் ஏதாவது செய்யவேண்டுமே என்று தெருவுக்குக் கவலை வந்துவிட்டது, பெண் பிள்ளைகள் போகிற வழி, நாளைக்கு அசிங்கமாகிப் போகும் என்று ஆளாளுக்குப் பேசி, பழைய லுங்கி ஒன்றை நல்ல சமயத்தில் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். லுங்கி கட்டிய அன்றிலிருந்து தெருவில் யாரும் 'அது' என்று சொல்லவில்லை, 'அவர்' என்றார்கள். காஸ் கொண்டுவருகிறவர் அவரைக் கேட்டுவிட்டு உள்ளே சிலிண்டரை உருட்டினார். பால்காரர் அஞ்சலாட்சியை முதல்முறையாக அம்மா என்று கூப்பிட்டார். கிருபாகரன் பல்பு பார்க்க வருவதை விட்டுவிட்டார். வந்தாலும் வாசலோடு நின்று, இடுப்பு மட்டுமே இருந்த அவரிடம் மோட்டார் ரிப்பேரைப் பற்றி மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார். ஆனி மாதம் மார்பும் தோளும் வந்தபோது, சாயங்காலங்களில் ஆண்கள் அவர் பக்கத்தில் நின்று பீடி பிடித்தார்கள், உங்க வூட்டம்மா லேட்டாத்தான் வருது சார், காலம் கெட்டுக் கிடக்குது, ஒரு வார்த்தை சொல்லி வைங்க என்றார்கள். அவருக்கு அப்போது காது கிடையாது. இருந்தாலும் சொல்லவேண்டியது கடமை என்று சொன்னார்கள்.

மாசிலாமணி இரண்டாம் முறை வந்தபோது தெருவே எழுந்து நின்றது. ஆம்பளை இருக்கிற வீட்டுக்கு நீ யாருப்பா என்று கேட்டார்கள். தன்னை யார் என்று அவன் சொல்வான்? வேன் டிரைவர் என்றான். வேனை ரோட்டிலேயே நிறுத்திக்கொள் என்றார்கள், அவன் தெருமுனையோடு நின்றுவிட்டான்.

பிறகு கைகள் வந்தன. இடது மணிக்கட்டில், கடிகாரம் கட்டிக் கட்டி வெயில் படாமல் போன வெளுத்த தடம் ஒன்று இருந்தது. அஞ்சலாட்சி கோலப்பொடியை அப்படியே கொட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடிகாரம் கட்டுகிற ஆண்கள் ஊரில் எத்தனையோ பேர், எல்லார் கையிலும் இந்தத் தடம் இருக்கும், இது யாருடையதாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லி முடிப்பதற்குள் வெளியே கிருபாகரன் குரல் கேட்டது. தடம் இருக்கிறது, வாட்ச் இல்லையே, பார்க்க நன்றாகவா இருக்கிறது என்று சொல்லி, தன் பழைய கடிகாரத்தை அவர் கையில் கட்டிவிட்டார். தெரு கை தட்டியது.

ஆடி பிறந்தபோது கழுத்துக்கு மேல் தலையும் வந்துவிட்டது, முகம் மட்டும் வரவில்லை. கல்லில் ஊற்றி இன்னும் தேய்க்காத தோசைமாவு மாதிரி வழவழவென்று இருந்தது. இதில்தான் தெருவுக்கு நிஜமாகவே வருத்தம். சம்பூர்ணம் அக்கா யோசித்துக் கண்டுபிடித்தாள்: பெயர் இல்லாததால்தான் முகம் நிற்கமாட்டேன் என்கிறது. அவர் பெயர் என்ன என்று அஞ்சலாட்சியைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள், அவளும் பெயர் கிடையாது அக்கா என்று உண்மையைத்தான் சொன்னாள், அவர்களோ புருஷன் பெயர் சொல்லக் கூச்சப்படுகிறாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று அவள்மேல் இன்னும் பிரியமானார்கள். எத்தனை பிரியம் என்றால், கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, அம்மன் பேரில் அவள் வீட்டு வாசலிலேயே சூடம் ஏற்றி, அவள் வாயாலேயே பெயரைச் சொல்லவைத்து, அந்தக் குடும்பத்தை நிலைநிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

வேனில் அவள் அழுதாள். மாசிலாமணி கடைசி ஸ்டாப்பைத் தாண்டிப் போய், சுடுகாட்டுப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான்.

"எம் பேரச் சொல்லிடு," என்றான். "முகம் எம் முகமா வரட்டும். வந்துதுன்னா அந்தச் செருப்புல நான் வந்து நிக்கறேன், அது போய்டும். தெருவுக்கு ஒரு ஆம்பள வோணும், அவ்ளோதான? அது நானா இருந்துட்டுப் போறேன்."

அவளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. பெயரைச் சொல்வதில் என்ன கஷ்டம், அவள் நாளெல்லாம் சொல்கிற பெயர்தானே. அந்த வாரம் முழுக்கத் தைத்தபடி சொன்னாள், சமைத்தபடி சொன்னாள், சனிக்கிழமை தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள், மாசிலாமணி. கண்ணாடியில் இருந்தவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் கூட்டம் நின்றது. ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு காதைப் பிளந்தது. தெருமுனையில் வேனுக்குப் பக்கத்தில் மாசிலாமணி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான், அங்கிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும், பேச்சு கேட்காது. பூசாரி சூடத்தட்டை முகமில்லாத முகத்துக்கு நேரே பிடித்தார். சம்பூர்ணம் அக்கா அஞ்சலாட்சியின் தோளைத் தொட்டு, சும்மா சொல்லு, எல்லாம் நம்ம ஜனங்கதான், இது ஒரு தரம்தான் என்றாள்.

அஞ்சலாட்சி நிலைப்படியில் நின்றாள். எதிரே சூடத்தின் வெளிச்சம், அதற்குப் பின்னால் கடிகாரம் கட்டிய கை, சுற்றிலும் பெண்கள், எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். உன் புருஷன் பெயர் என்னம்மா என்று பூசாரி கேட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட அதே கேள்வி, அண்ணன் வீட்டில், ரேஷன் கடையில், எங்கெங்கோ எத்தனையோ பேர் கேட்டு அவள் விழுங்கிய அதே கேள்வி. அவள் மாசிலாமணி என்றுதான் வாயைத் திறந்தாள், அம்மன்மேல் சத்தியமாக அப்படித்தான் திறந்தாள். ஆனால் அந்தக் கேள்விக்கு உரிய பதில் ஒன்று நாக்குக்கு அடியில் அத்தனை வருஷம் காத்துக்கிடந்ததே, அது மற்றதைத் தள்ளிவிட்டு, ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல், கணீரென்று முன்னால் வந்துவிட்டது. தன் குரலில் அந்தப் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

அழகான பெயர் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையிலேயே அழகான பெயர்தான், அது வேறு வயிற்றெரிச்சல். மாவைக் கரண்டியால் இழுத்ததுபோல் நெற்றி வந்தது, மூக்கு வந்தது, யாரிடமும் குரல் உயர்த்தாத அந்த வாய் வந்தது. அவன் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினான். வலது பாதத்தைச் செருப்பிலிருந்து எடுத்தான், அது எளிதாக வந்தது, பிறகு இடது பாதத்தையும் எடுத்தான், செருப்பை ஒழுங்காக ஓரத்தில் சேர்த்து விட்டான், நிலைப்படியில் நின்றவள் பின்னால் நகர நகர, வெறுங்காலோடு படி தாண்டி உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள எவ்வளவோ இருக்கும் என்று சம்பூர்ணம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் கூழ் குடிக்கப் போகச் சொன்னாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் மாசிலாமணி வந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை, இனி அந்த வீட்டுக்குக் காவல் தேவைப்படவில்லை. வாசலில் ஆளைக் காணோம், செருப்பு மட்டும் கிடந்தது. அது சும்மா செருப்புதான், அதில் யாரும் இல்லை என்று வேனில் அவள் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது, சிரிப்பு வந்தது. சொல்லிவிட்டாள், அது போய்விட்டது. தன் செருப்பை உதறிவிட்டு அந்தக் கறுப்பு வாருக்குள் வலது காலை நுழைத்தான். அளவு சரியாக இருந்தது.

உள்ளே ஏதோ பொருளின்மேல் ஏதோ சின்னதாக வைக்கப்பட்டது, டக் என்று. அது என்ன என்று அவன் யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டில் சம்பூர்ணம் அக்கா ஜன்னலைச் சாத்தி, புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் காது வைக்கக் கூடாது என்று டிவி சத்தத்தை ஏற்றினாள். எதிர் வீட்டிலும் ஏற்றினார்கள். அந்தச் சத்தங்களுக்கு நடுவில், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அஞ்சலாட்சியின் குரல் கேட்டது.

"இன்னாங்க," என்றது. மறுபடியும், "இன்னாங்க."

அது தன்னைத்தானா என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக, அடுத்து தன் பெயர் வரும் என்று காத்துக்கொண்டு நின்றான்.